பெனிசிமானிக்குக் கிடைத்த தாலந்து

எங்கள் தீவுச் சபையில் பெனிசிமானி எப்போதும் கடைசிப் பெஞ்சில்தான் உட்காருவார். கதவை ஒட்டின மூலை. கடைசி ஆமென் சொல்லி முடிப்பதற்குள் வெளியே போய்விடுவார். போய் மாமரத்தடியில் நின்றாரானால் அங்கே சிரிப்புச் சத்தம் கிளம்பும்.

என் கணவர் மோசெசே போதகர். டொங்காவில் போதகருக்கு எந்தத் தீவும் சொந்தமில்லை. சபை மாநாடு எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போக வேண்டும். அப்படித்தான் ஹாபாய்த் தீவுக்கூட்டத்தில் அந்தச் சின்னத் தீவுக்கு வந்து சேர்ந்தோம். முதல் ஞாயிறே சிரிப்புச் சத்தம் கேட்டு நானும் மாமரத்தடிக்குப் போனேன்.

ஒல்லியான, நெடுநெடுவென்ற ஒரு மனிதர், ஊரார் பெனி என்று கூப்பிடும் பெனிசிமானி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கீச்சுக் குரலில் கத்திக்கொண்டிருந்தார். "ஏ பொம்பள! பன்னிய மடியில வச்சுக்க, பிள்ளையக் கையில புடிச்சுக்க! பன்னிக்கு டிக்கெட் வேணாம், உனக்கு வேணும்! யாருய்யா அது என் கயித்து மேல உக்காந்திருக்கிறது?"

அவர் செய்து காட்டியது எங்களை ஏற்றி வந்த படகின் கேப்டன் லிசியாத்தேயை. மலை போன்ற உடம்பு, அதற்குள் கோழிக்குஞ்சுக் குரல். இந்த ஒல்லி மனிதருக்கு எப்படி அந்த வயிறு வந்தது என்று எனக்குப் புரியவில்லை. லிசியாத்தே பக்கத்திலேயே நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று சிரிப்பு அறுந்தது. பெனி வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றார். கோயிலிலிருந்து அவருடைய அக்கா லவீனியா இறங்கி வந்துகொண்டிருந்தாள். எங்கள் மக்களிடம் அக்கா தம்பி உறவு அப்படி. அக்கா காதில் விழும்படி தம்பி வேடிக்கை பேசக்கூடாது. ஒரே அறையில் உட்கார்ந்து சிரிக்கவும் கூடாது. அவள் உயர்ந்தவள், அவன் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆகவே ஊரையே சிரிக்க வைத்த மனிதரிடம் சிரிக்கக் கொடுத்துவைக்காத ஒரே ஆள் அவருடைய கூடப் பிறந்த அக்காதான்.

அவர் கடைசிப் பெஞ்சுக்குப் போன கதையை அவர் மனைவி வீகா எனக்குச் சொன்னாள். பாய்க்கு ஓலை கிழித்துக்கொண்டே சொன்னாள்.

"இவரோட அப்பா பெரிய உபதேசியார், அம்மா. பிரசங்கம் பண்ணுனா கடல்கூட அடங்கிக் கேக்கும்னு சொல்வாங்க. மகனும் உபதேசியாகணும்னு ஆச. வாலிபத்துல ஒருநாள் இவருக்குப் பரீட்சைப் பிரசங்கம் வச்சாங்க. சுத்துவட்டாரச் சபைங்க, சர்க்யூட்டு முழுக்க வந்து உக்காந்திருக்கு. இவரு எடுத்தது கெட்ட குமாரன் கதை."

"நல்ல கதைதானே?"

"நல்ல கதைதான். ஆனா அதுல பன்னி வருதே!" வீகா ஓலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "பன்னி தின்ன தவிட்டுக்கு ஆசப்பட்டான்னு சொல்லிட்டு விட்டிருக்கலாம்ல? இந்த மனுஷனால முடியல. ஊர்ல இருக்கிற ஒவ்வொரு பன்னியா வர ஆரம்பிச்சிருச்சு. இது தனியேலா வீட்டுப் பன்னி, இது எங்க மாமா வீட்டுப் பன்னின்னு உறுமல கேட்டே சனங்க கண்டுபிடிச்சிட்டாங்க. ஒரே சிரிப்பு. பாடகர் குழுவுல ஒருத்தி பெஞ்சிலருந்து கீழயே விழுந்துட்டா."

அப்போதிருந்த போதகர், பிரசங்கபீடம் காவா வேர்ச்சாறு குடித்து அரட்டையடிக்கிற கூடாரம் அல்ல என்று சொல்லி, பெனியைப் பாதியிலேயே இறக்கிவிட்டாராம். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு மகனோடு பல நாள் பேசவில்லை. சாகும் மட்டும் அந்தப் பிரசங்கத்தைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை.

"இவரு கேலி பண்ணணும்னு செய்யல, அம்மா," என்றாள் வீகா. "அந்தப் பையன் எவ்வளவு கீழ போயிட்டான்னு காட்டணும்னுதான் செஞ்சாரு. அப்பா ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற இடம் கதையில இனிமேதான வரணும்? அதுக்குள்ள இறக்கிட்டாங்க."

நான் இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் ஒருநாள் பெனியைப் பார்த்து, "கர்த்தர் உனக்கு ஒரு தாலந்து குடுத்திருக்கார் பெனி, எசமான் குடுத்த பணத்தப் பொதச்ச வேலைக்காரன் மாதிரி அத மண்ணுல பொதச்சு வச்சிருக்க," என்றார்.

"எனக்குக் குடுத்தது இந்தக் கோணவாய்தான் ஐயா," என்றார் பெனி. "அத வச்சு வட்டி வராது." சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு கடலுக்கடியில் எரிமலை வெடித்தது.

சனிக்கிழமை சாயங்காலம். முதலில் சத்தம். அதைச் சத்தம் என்று சொல்வதே குறைவு. நெஞ்சுக்குள் யாரோ கதவை அறைந்து சாத்தினதுபோல இருந்தது. கடல் பின்வாங்கிப் போவதைப் பார்த்தவர்கள் "மேட்டுக்கு! மேட்டுக்கு!" என்று கத்தினார்கள். நாங்கள் ஓடினோம். ஓடும்போதே வானம் கறுத்தது, சாம்பல் கொட்டியது, பக்கத்தில் ஓடுகிறவர் முகம் தெரியவில்லை.

லவீனியாவின் கணவர் கெலெப்பி, நடக்க முடியாத பக்கத்து வீட்டு முதியவரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். மேட்டின் அடியில் பெனி நின்றிருந்தார். "பெனி, இவரப் புடி," என்று முதியவரை அவர் முதுகுக்கு மாற்றிவிட்டு, இன்னும் யாராவது இருக்கிறார்களா பார்த்து வருகிறேன் என்று கெலெப்பி திரும்பினார். அலை வந்தது. எங்கள் கோயிலும் வீடுகளும் அந்த அலையில் போயின. கெலெப்பியும் போனார். மறுநாள் பவளப்பாறை ஓரத்தில் அவர் உடல் கிடைத்தது. சாம்பல் படிந்த மண்ணைத் தோண்டி அவரை அடக்கம் செய்தோம். எங்கள் ஊரில் இறந்தது அவர் ஒருவர்தான். இத்தனை பேர் பிழைத்தோமே என்று நாங்கள் நன்றி சொன்னோம், ஆனால் லவீனியா முன்னால் அதைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை.

சில நாள் கழித்துக் கடற்படைக் கப்பல் வந்து எங்கள் எல்லாரையும் பெரிய தீவுக்கு ஏற்றிக்கொண்டு போனது. அங்கே ஒரு சபையின் பெரிய கூடத்தில் தங்க இடம் கொடுத்தார்கள். கயிறு கட்டி, மரப்பட்டைத் துணிகளைத் தொங்கவிட்டு, குடும்பத்துக்கு ஒரு தடுப்பு. அந்த ஊர் மக்கள் தங்கள் தோட்டத்துச் சேப்பங்கிழங்கை அவித்துக் கூடை கூடையாகக் கொண்டுவந்தார்கள். அவர்கள் தோட்டத்திலும் சாம்பல்தான் விழுந்திருந்தது. இருந்தும் கொண்டுவந்தார்கள். அந்த மக்களை நான் தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன்.

சாப்பாடு இருந்தது, தண்ணீர் இருந்தது, கூரை இருந்தது. ஆனால் எங்கள் சனம் பேசவில்லை. அழவுமில்லை. இடி இடித்தால் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. மாலை ஜெபத்தில் பாட்டை எடுத்துக் கொடுத்தால் இரண்டு மூன்று குரல்தான் வந்தது. டொங்காச் சனம் பாடாமல் இருந்து அதற்கு முன் நான் பார்த்ததேயில்லை. சாவு வீட்டில்கூட நாங்கள் இரவெல்லாம் பாடுகிறவர்கள்.

பெனியும் ஊமையாகிவிட்டார். கெலெப்பியைக் கடைசியாகப் பார்த்தவர் அவர். கூடத்தின் வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஏதாவது சொல்லேன்யா, என்னையாவது திட்டேன்," என்று வீகா கெஞ்சுவாள்.

ஒருநாள் மாலை என் கணவருக்குக் குரல் சுத்தமாக அடைத்துவிட்டது. சாம்பல் தூசியால் எங்கள் எல்லாருக்கும் இருமல்தான். அன்றைக்கு வாசிக்க வேண்டியது யோனாவின் கதை. வழக்கமாக வாசிக்கிறவர் சபை மூப்பர் தனியேலா. அவர் கண்ணாடி கடலோடு போயிருந்தது. என் கணவர் சுற்றிப் பார்த்தார். விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது பெனி.

"பெனி, இன்னைக்கு நீ வாசி," என்று கிசுகிசுத்தார்.

"நானா? வேணாம் ஐயா. வேற யாராவது…"

"தனியேலாவுக்குக் கண்ணாடி போச்சு, எனக்குத் தொண்ட போச்சு. உனக்கு ரெண்டும் சரியா இருக்கு. வாசி."

பெனி வேதாகமத்தை வாங்கிக்கொண்டு, தலை நிமிராமல் வாசித்தார். கட்டையான குரல். யோனா கடவுளிடமிருந்து தப்பி ஓடுகிறான், கப்பல் ஏறுகிறான், புயல் வருகிறது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கப்பலின் அடியில் யோனா தூங்குகிற இடம் வந்தது. கப்பல் தலைவன் இறங்கி வந்து அவனை எழுப்ப வேண்டும்.

பெனி அங்கே நின்றுவிட்டார். தலையைத் தூக்கினார். எதிரே லிசியாத்தே, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். கேட்டு மாதக்கணக்கானதுபோல இருந்த அந்தக் கீச்சுக் குரல் பெனியின் வாயிலிருந்து தானாக வெளியே வந்தது.

"யாருய்யா அது தூங்குறது? எழுந்திரு! உன் சாமியக் கூப்பிடு! பன்னியெல்லாம் முழிச்சிட்டு நிக்குது, உனக்கு என்னய்யா தூக்கம்? அதுவும் என் கயித்து மேல!"

அப்புறம் விக்கல் மாதிரி ஒரு சத்தம். லிசியாத்தே. அவர் வயிறு குலுங்கியது. பக்கத்தில் ஒரு பெண் வாயைப் பொத்தினாள், முடியவில்லை, விட்டுவிட்டாள். சிரிப்பு ஒரு தடுப்பிலிருந்து அடுத்த தடுப்புக்குத் தாவியது.

பெனி படக்கென்று வேதாகமத்தை மூடினார். முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சிருங்க ஐயா. வாய் தவறிருச்சு."

என் கணவருக்குக் குரல் இல்லை. எழுந்து பக்கத்தில் போய், எல்லாருக்கும் கேட்கும்படி தொண்டையைப் பிய்த்துக்கொண்டு சொன்னார்: "ஏன் மூடுன? யோனா இன்னும் கப்பல்லதான் கிடக்கான். அவன நடுக்கடல்ல விட்டுட்டுப் போனா எப்படி? எழுந்து நின்னு சொல்லு."

பெனி வேதாகமத்தைக் கீழே வைத்தார். பிறகு எழுந்தார்.

அன்றைக்கு நாங்கள் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! கப்பல்காரர்கள் சரக்கைக் கடலில் வீசினார்கள். ஒவ்வொருவனும் தன் மூட்டையை வீச மனமில்லாமல் அடுத்தவன் மூட்டையைத் தூக்கினான். இந்தப் புயல் யாரால் வந்தது என்று சீட்டுப் போட்டபோது, வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி யோனா மெல்லக் கையைத் தூக்கினான். பெரிய மீன் வந்தது. முதலில் முகர்ந்து பார்த்தது. இது தீர்க்கதரிசி, ருசியாக இருக்காது என்று அதற்கே தெரிந்திருந்தது. இருந்தும் ஆண்டவர் சொல்லிவிட்டாரே என்று கண்ணை மூடிக்கொண்டு முழுங்கியது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு விலா வலித்தது.

மீனின் வயிற்றுக்குள் போனதும் பெனி தரையில் உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டார். எல்லாரும் அடுத்த வேடிக்கைக்குக் காத்திருந்தோம்.

வேடிக்கை வரவில்லை. அவர் தன் சொந்தக் குரலில் பேச ஆரம்பித்தார். அந்தக் குரலை நாங்கள் அதிகம் கேட்டதில்லை. தண்ணீர் என்னை மூடிக்கொண்டது, ஆண்டவரே, என்றார். அலையெல்லாம் என் தலைக்கு மேலே போனது. பாசி என் தலையைச் சுற்றிக்கொண்டது. மலையின் வேர் மட்டும் இறங்கிப் போனேன். பூமி தன் கதவுகளை என் பின்னால் பூட்டிவிட்டது. வேதாகமம் பக்கத்தில் மூடிக் கிடந்தது. கெலெப்பியின் பெயரை அவர் சொல்லவில்லை. "நீங்க என்னைய மறக்கலயே," என்று மட்டும், கிட்டத்தட்டக் கேள்விபோல, சொல்லி நிறுத்தினார்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் அழுதாள். வாய்விட்ட அழுகை. உடனே இன்னொருத்தி. ஆண்கள் அழுதார்கள். பிள்ளைகள் தாய் மடியில் விழுந்து அழுதார்கள். அத்தனை நாளும் உள்ளே நின்றுபோயிருந்தது எல்லாம் வெளியே வந்தது. அழுகை ஓயுமுன்னே யாரோ பின்னாலிருந்து ஒரு பாட்டை எடுத்தார்கள். பெண்கள் மேலே எடுத்துக்கொள்ள, ஆண்கள் அடிக்குரலில் தாங்க, கூரைத் தகரம் அதிர்ந்தது. யாரும் முன்னால் நின்று கைகாட்டவில்லை. என் கணவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி நின்றார். பாட அவரிடம் குரல் இல்லை.

மறுநாள் காலையில் பெனியைக் காணோம். வெளியே தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்திருந்தார்.

"நான் இனிமே வாசிக்க மாட்டேன் அம்மா," என்றார் என்னிடம். "முதல்ல அழுதது யாருன்னு தெரியுமா? எங்க அக்கா. அவ தடுப்புக்குப் பின்னாடிதான் இருந்திருக்கா. அவ காதுபட நான் கூத்தடிச்சிருக்கேன். புருஷன மண்ணுல வச்சு ஈரம் காயல. நான் மனுஷனா?"

நான் லவீனியாவிடம் போனேன். கறுப்பு உடுத்தி, கிழிந்த பெரிய துக்கப் பாயை உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"அம்மா, அவன்கிட்ட நான் நேரா இதெல்லாம் பேச முடியாது, நீங்க போய்ச் சொல்லுங்க. இத்தன வருசமா ஊரே சிரிக்கிறத நான் வீட்டுக்குள்ள இருந்து கேட்டிருக்கேன். என்ன சொன்னான்னு பிள்ளைங்ககிட்ட கேட்டுக்குவேன். அவங்களுக்கு அவன மாதிரி சொல்லத் தெரியாது." அவள் உதட்டில் ஏதோ வந்து போனது. "நேத்து எனக்கு அழுகை வந்துச்சு. அது வர்ற வரைக்கும் என் நெஞ்சு கல்லாக் கிடந்துச்சு. இனிமே அவன் எந்திரிச்சா நான் முதுகக் காட்டி உக்காந்துக்கிறேன். முகத்தப் பாக்கலன்னா குத்தமில்ல. அவன் வாய் எங்க வீட்டுச் சொத்து இல்லன்னு சொல்லுங்க. ஆண்டவருது."

நான் எழுந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"இன்னொன்னும் சொல்லுங்க. கெலெப்பி அவன்கிட்ட கிழவரக் குடுத்துட்டுப் போனாரு. அவன் இறக்கி வைக்கல. மேடு வரைக்கும் தூக்கிட்டுப் போனான். எனக்கு அது போதும்."

நான் தொட்டியருகே போய் இதைச் சொன்னபோது பெனி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அங்கே நிற்காமல் வந்துவிட்டேன்.

அன்று மாலை லவீனியா தன் பாயை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில், விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பெனியும் பார்த்தார். எழுந்து நின்றார். அன்றைக்கு, இயேசுவைப் பார்க்கக் குள்ளன் சகேயு மரம் ஏறின கதை. பெனி ஏறின மரம் தென்னை. பாதியில் இடுப்புத் துணி அவிழ்ந்தது. ஒரு கையில் மரம், ஒரு கையில் மானம். லவீனியாவின் தோள்கள் குலுங்கியதை நான் பார்த்தேன். அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து பெனி தன்னை முழுக்க அந்த வேலைக்குக் கொடுத்தார். காலையில் எல்லாரோடும் சாம்பல் அள்ளப் போவார். மதியம் என் கணவரிடம் வந்து உட்கார்ந்துகொள்வார்.

"ஐயா, தங்கச்சி வேலைக்கு ஒத்தாசையா வரலன்னு இந்த மார்த்தா கோபப்பட்டாளே, நெசமாவே கோபமா, இல்ல களைப்பா?"

"ரெண்டும் இருக்கலாம்."

"களைப்புன்னா முதுகு வேற மாதிரி வளையும் ஐயா. கோபம்னா கழுத்து மட்டும்தான்."

அப்புறம் சமையல் செய்கிற பெண்களின் முதுகைப் பார்க்கப் போய்விடுவார். "ஏன்யா என்னையே முறைச்சுப் பாக்குற?" என்று ஒருத்தி கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "உன்ன வேதாகமத்துல போடப் போறேன்," என்றார் பெனி. அவள் முடியைச் சரிசெய்துகொண்டாள்.

அவர் தனக்கென்று சில கட்டுப்பாடு வைத்திருந்தார். ஊர் ஆட்களில் எதிரே இல்லாதவரை நடித்துக் காட்ட மாட்டார். நொண்டியையும் திக்குவாயையும் சிரிப்புக்கு எடுக்க மாட்டார். இயேசுவாக நடிக்கவே மாட்டார். "அவரு பேசுற இடம் வந்தா நான் கையக் கட்டிக்கிட்டு வாசிப்பேன். மத்தவங்க எல்லாரும் நம்ம ஊரு ஆளுங்க ஐயா. அவர மட்டும் என்னால செய்ய முடியாது."

மூப்பர் தனியேலாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "கர்த்தருடைய வீட்டுல கூத்தா? எங்க அப்பா காலத்துல சிரிச்சா பிரம்பால அடிப்பாங்க," என்று என் கணவரிடம் சண்டைக்கு வந்தார்.

"ஆபிரகாமுக்கு வயசான காலத்துல பொறந்த பிள்ளைக்கு என்ன பேரு தனியேலா?"

"ஈசாக்கு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

தனியேலாவுக்குத் தெரியும். சிரிப்பு என்று அர்த்தம். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் தினமும் முதல் வரிசையில் வந்து, முகத்தை இறுக்கிக்கொண்டு உட்காருவார். ஒருநாள் பிலேயாமின் கழுதை பேசுகிற கதை. கழுதை எசமானை அலுப்போடு திரும்பிப் பார்த்த ஒரு பார்வையில் தனியேலா பாட்டுப் புத்தகத்தை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். புத்தகம் ஆடியது. பிற்பாடு கேட்டால், சாம்பல் இருமல் என்றார்.

மற்றச் சபைகளிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனார். முதியவர்களிடம் போனார். ஒருமுறை சிறைச்சாலைக்கு நாங்களும் கூடப் போனோம். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குப் பேதுரு ஆண்டவரை மறுதலித்த கதை. குளிர் காய்கிற இடத்தில் வேலைக்காரப் பெண் விடாமல் கேட்கிறாள். "நீ அவரோட சுத்துன ஆளுதான?" "நானா? எனக்கு அவரத் தெரியவே தெரியாது." பேதுரு தன் கலிலேயாப் பேச்சை மறைக்க நினைத்து மறைக்க முடியாமல் திணறினான், அவன் வாயில் ஹாபாய் இழுவைப் பேச்சைப் போட்டிருந்தார் பெனி. கைதிகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அப்புறம், சேவல் கூவுமுன் மூன்று தரம் என்னை மறுதலிப்பாய் என்று ஆண்டவர் சொல்லியிருந்த அந்தச் சேவல் வந்தது. கழுத்தை நீட்டி, இறக்கையைத் தட்டி, தொண்டையைச் சரிசெய்து அது கூவினபோது காவலர்களும் சிரித்தார்கள்.

பெனி சேவலாகவே நின்றார். மெல்ல இறக்கையைக் கீழே இறக்கினார். அது பேதுருவின் கையாயிற்று. அந்தக் கையை எங்கே வைப்பதென்று பேதுருவுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் செய்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள்.

முடிந்த பிறகு, கழுத்து வரை பச்சை குத்தின ஓர் ஆள் பெனியிடம் வந்தான். வயது முப்பது இருக்கும்.

"அண்ணே, அந்தப் பேதுருவ அப்புறம் ஆண்டவரு பாத்தாரா?"

"பாத்தாரு. கடற்கரையில."

"என்ன சொன்னாரு? திட்டுனாரா?"

"திட்டல. கரி மூட்டி மீன் சுட்டு வச்சிருந்தாரு. வா, சாப்பிடுன்னாரு."

"மீனா?" என்றான்.

"மீனுதான். ரொட்டியும் இருந்துச்சு."

அவன் தலையாட்டிவிட்டுத் தன் வரிசைக்குத் திரும்பிப் போனான். இரண்டடி போய் மறுபடி ஒருதரம் திரும்பிப் பார்த்தான். வரும் வழியெல்லாம் பெனி சிறைச்சாலைப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். வீகா, "என்னய்யா, பசிக்குதா?" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சர்க்யூட்டுக் கூட்டத்தில் அவரை உபதேசியாக்கலாம் என்று பேச்சு வந்தது. பரீட்சை வேண்டாம், அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதை முன்மொழிந்தது தனியேலா. பெனி எழுந்து கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்தார்.

"பீடத்துல நின்னா இடுப்புக்குக் கீழ மறைஞ்சு போகும் ஐயா. எனக்குப் பாதிப் பிரசங்கம் காலுலதான் இருக்கு. என்னத் தரையிலயே விட்ருங்க."

மறு வருஷம் எங்கள் சனத்துக்குப் பெரிய தீவில் நிலம் ஒதுக்கி வீடு கட்டிக் கொடுத்தார்கள். பழைய தீவுக்கு இனிக் குடியிருக்கப் போக முடியாது. புது வீடுகளுக்கு நடுவில் சின்னதாக ஒரு கோயில் எழுப்பினோம். திறப்பு நாளில் நன்றி ஜெபம் செய்யப் பெனியைக் கூப்பிட்டார்கள். சனம் இப்போதே சிரிக்கத் தயாராக உட்கார்ந்தது. அவர் கண்ணை மூடினார். கிழங்கு கொண்டுவந்த ஊராருக்கு நன்றி சொன்னார். கப்பலை அனுப்பினவர்களுக்கு, தண்ணீர் கொடுத்தவர்களுக்கு, கெலெப்பியின் முதுகுக்கு நன்றி சொன்னார். "என்னத் திருத்தாம விட்டதுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து, "உமுக் குழி அடுப்புல பன்னி கருகுற வாசன வருது, சீக்கிரம் பாடி முடிங்க," என்றார்.

இந்த வருஷ மாநாட்டில் எங்களுக்கு வவாவுவுக்கு மாற்றல் வந்தது. என் சொந்தத் தீவுக்கூட்டம்தான், சந்தோஷப்பட வேண்டும். ஆனாலும் துறைமுகத்தில் எனக்கு அழுகை வந்தது. சனமெல்லாம் வந்திருந்தது. லவீனியா தான் முடைந்த பாயை என் மடியில் வைத்து, என் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். வீகா தேங்காய்ப் பாலில் கீரையும் இறைச்சியும் பொதிந்து வேகவைத்த பொட்டலங்களைக் கூடையில் அடுக்கிக் கொடுத்தாள்.

"போதகர் ஐயா, அங்க போயி எங்களப் பத்தி நல்லதாச் சொல்லுங்க," என்றார் பெனி. "மத்தத நானே ஒருநாள் வந்து நடிச்சுக் காட்டிக்கிறேன்."

"வா," என்றார் என் கணவர். "வவாவுல சிரிப்புக்குப் பஞ்சம்."

"ஏன், என்னப் பாத்தா அப்படித் தெரியுதா?" என்று நான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கப்பல் சங்கு ஊதியது. நாங்கள் ஏறினோம். மேல்தட்டிலிருந்து பார்த்தபோது பெனி துறையோரத்தில் நின்றுகொண்டு, எங்கள் பெட்டிகளைச் சுமந்து ஏற்றின ஆட்களுக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். தூரத்தில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அந்த ஆட்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவரைச் சுற்றி நின்றார்கள்.